பாட்டரி மாற்றுமுன்



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் புகழ்வர். வேகத்தையும் வண்ணத்தையும் வியப்பர். முகப்பு மூடியின் கீழ் ஒரு மூலையில் வாய்பேசாது அமர்ந்திருக்கும் கரிய பெட்டியை நினைப்பார் இலர். அது கடமையைச் செய்ய மறுக்கும் அன்றுதான் அதன் பெயரே நம் நினைவுக்கு வருகின்றது. அப்பெட்டியே பாட்டரி. அது பழுதுற்றபோது அதற்கு மாற்றாக வேறொன்றை எவ்வாறு தேர்ந்து வாங்குவது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

“இது ஓட்டுநரும் கடைக்காரரும் அறியவேண்டிய செய்தியாயிற்றே, மாணவராகிய எங்களுக்கு இதனால் என்ன பயன்?” என்று நீங்கள் வினவலாம். தக்க வினாவே. நான் வாழும் காக்களூர், திருவள்ளூர் நகரை அடுத்துள்ள ஊர். இங்கே சிட்கோ தொழிற்பேட்டை ஒன்று உள்ளது. பொழுது விடிந்ததும் வேன்களும் சிறு சுமைவண்டிகளும் வாடகைக் கார்களும் அதன் தெருக்களில் நிறைந்துவிடும். அவற்றுள் ஒன்று காலையில் கிளம்ப மறுத்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாய் நின்றுபோகும். நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டிய வேளையில் மறுத்தாலோ, இழப்பு வருவாயோடு நில்லாது. மேலும், நீங்கள் வகுப்பில் கற்கும் மின்னோட்டம், மின்னழுத்தம், அமிலம், வேதிமாற்றம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. கற்றது கடைவீதியில் கைகொடுக்குமானால் அதனினும் நல்ல தேர்வு வேறு யாது?

முதலில் பாட்டரியின் இயல்பைச் சிறிது அறிவோம்.

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில் இருவேறு உலோகத் தட்டுகளை மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த துண்டுகளை வைத்துத் தொடர்ந்த மின்னோட்டத்தைப் பெற்றார். ஆயினும் அவ்வடுக்கு ஒருமுறை ஓய்ந்தால் ஓய்ந்ததுதான். ஓய்ந்த கலத்துக்கு மீண்டும் மின்னூட்டி உயிர்தரும் வழியை 1859-ஆம் ஆண்டில் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே. இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார், அவ்வளவே. 1881-ஆம் ஆண்டில் காமிய் ஃபோர் என்பார் தகடுகளின்மேல் ஈய ஆக்சைடுக் குழம்பைப் பூசி, அவை மிகுந்த மின்சாரத்தை ஏற்குமாறு செய்தார். இன்று நம் கார்களில் உள்ள பாட்டரி பெரும்பாலும் இவ்விருவர் வழி வந்ததே.

மின்வேதியியல் துறையில் நம் தமிழ்நாட்டுக்கும் தனியிடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, பண்டித நேரு 1948-ஆம் ஆண்டில் காரைக்குடியில் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், 1953-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறந்துவைக்கப்பெற்றது. பாட்டரி ஆராய்ச்சி அந்நிறுவனத்தின் முதன்மையான பணிகளுள் ஒன்று. கல்லூரி மாணவர்கள் இதனை நினைவில் இருத்துக.

பாட்டரி என்பது தனிக்கலம் அன்று; கலங்களின் அடுக்கு. ஒரு கலத்தின் மின்னழுத்தம் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆறு கலங்கள் தொடராக இணைந்து, நாம் ‘பன்னிரண்டு வோல்ட்’ என்று வழங்கும் பாட்டரி ஆகின்றன. முழு மின்னூட்டம் உள்ளபோது நேர்த்தகட்டில் ஈய டை ஆக்சைடும் எதிர்த்தகட்டில் பஞ்சுபோன்ற ஈயமும் இருக்கும். மின்சாரத்தை வெளியே தரும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட்டு படியும். அமிலம் மெலிந்து நீர்த்தன்மை மிகும். மின்னூட்டும்போது இவை யாவும் முன்னிலைக்கு மீளும். ஆனால் ஓய்ந்த நிலையிலேயே பல நாள் கிடக்கவிட்டால், குழைந்த களிமண் வெயிலில் இறுகிக் கட்டியாவது போல அந்தச் சல்பேட்டு இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னூட்டினும் அது முழுமையாக மீளாது. பாட்டரியை வாங்கும்போதும் காக்கும்போதும் மறவாதிருக்கவேண்டிய உண்மை இது.

காரில் இதன் தலையாய கடமை எஞ்சினை முதலில் சுழற்றிவிடுவது. முற்காலத்தில் இவ்வேலையை மனிதன் செய்தான். வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறிவதும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரத் தொடக்கி 1912-ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதுமுதல் பாட்டரி காருக்கு இன்றியமையாதது ஆயிற்று. என் தலைமுறையினர் பழைய அம்பாசடர் கார்களைக் கைப்பிடியால் சுழற்றிய காட்சியைக் கண்டவர்கள். இன்றைய கார்களில் அக்கைப்பிடியைச் செருகத் துளையே இல்லை. ஆதலின் பாட்டரி ஓய்ந்தால் காரும் ஓய்ந்தது.

இனி, தேர்வு முறைக்கு வருவோம். பாட்டரி மாற்ற எண்ணுவோர் ஆறு வினாக்களுக்கு வரிசையாக விடை காணவேண்டும். அவற்றுள் முதலாவது, குற்றம் பாட்டரியினுடையதுதானா என்பது. 

நோய் நாடாது மருந்து கொடுக்கும் மருத்துவர் உண்டோ? அதுபோலவே, கார் கிளம்பவில்லை என்றவுடன் பாட்டரிக் கடைக்கு ஓடுதல் முறையன்று. முதலில் பாட்டரியின் இரு முனைகளையும் பாருங்கள். வெண்மையாகவோ பசுமையாகவோ உப்புப் பூத்திருந்தாலும், கவ்விகள் தளர்ந்திருந்தாலும், நல்ல பாட்டரியும் செயலற்றதுபோல் தோன்றும். தூய்மை செய்து இறுக்கினாலே குறை தீர்ந்துவிடக்கூடும்.

அடுத்து, ஒரு வோல்ட்மீட்டரைக் கொணர்க. வண்டி சில மணிநேரம் நின்ற பின் அளந்தால், முழு மின்னூட்டமுள்ள பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்பது முக்கால் பங்கு, 12.0 என்பது கால் பங்குக்கு அருகில். 12.6-க்கும் 12.0-க்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அச்சிறு இடைவெளிக்குள்ளேயே பாட்டரியின் பெரும்பகுதி வலிமை அடங்கியிருக்கின்றது. பின்பு எஞ்சினை ஓடவிட்டு அளக்கவேண்டும். இப்போது எண் 13.8 முதல் 14.5 வரை உயர்ந்து நிற்றல் வேண்டும். சில புதிய வண்டிகளில் உள்ள கணினி இதனைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் ஆளும். எண் உயரவே இல்லையெனில், ஓடும்போது மின்சாரம் ஆக்கித்தரும் ஆல்டர்னேட்டரிலோ அதனைச் சுழற்றும் பெல்ட்டிலோ பழுது உண்டு என்று கொள்க.

எனக்குத் தெரிந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கடன் பெற்றுப் புதிய பாட்டரி வாங்கினார். இரண்டே திங்களில் அதுவும் ஓய்ந்தது. விற்ற கடையினர், “நீங்கள் விளக்குகளை அணைக்காமல் விட்டிருப்பீர்கள்” என்றனர். அவரோ கடையினரை நொந்துகொண்டு, மீண்டும் ஒன்று வாங்க வழிதேடிக்கொண்டிருந்தார். என் பழைய மாணவர் ஒருவர் தொழிற்பேட்டை அருகே மின்பழுது பார்ப்பவர். அவர் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தபோது, எஞ்சின் ஓடும் நிலையிலும் எண் பன்னிரண்டைத் தாண்டவில்லை. பெல்ட் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. புதிய பெல்ட்டின் விலை பாட்டரி விலையில் ஒரு சிறு பகுதியே. ஐந்து நிமிட அளவை முதலிலேயே செய்யப்பட்டிருந்தால், அந்தக் கடனே நேர்ந்திராது. அளந்து அறிதல் என்னும் பழக்கம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடக்கூடாது என்று நான் பலகாலும் சொல்லிவருவது இதனாலேயே.

குற்றம் பழக்கத்திலும் இருக்கலாம். இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். எஞ்சினைக் கிளப்ப 150 ஆம்பியர் மின்னோட்டம் மூன்று விநாடி தேவைப்படுவதாகக் கொள்வோம். பெருக்கினால் 450 ஆம்பியர்-விநாடி. ஒரு மணிக்கு 3600 விநாடி. எனவே இது எட்டில் ஒரு பங்கு ஆம்பியர்-மணி மட்டுமே. 35 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரியில் இது 280-இல் ஒரு பங்கு! மறுபுறம், கார் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் கடிகாரம், திருட்டெச்சரிக்கைக் கருவி, கணினி ஆகியவை 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 29 நாளில் அதே பாட்டரி வற்றிப்போகும். முழுதும் வற்றுமுன்னரே எஞ்சினைச் சுழற்றும் வலிமையை அது இழந்துவிடும். முன்விளக்குகளை எரியவிட்டுச் சென்றாலோ சில மணிநேரமே போதும். ஆகவே திங்கள் கணக்கில் நிற்கும் காருக்கு வேண்டுவது புதிய பாட்டரி அன்று. வாரம் ஒருமுறை அரைமணி நேரமேனும் ஓட்டுதல், அல்லது எதிர்முனையைக் கழற்றி வைத்தல்.

இவ்வளவும் பார்த்த பின்னும், முழு மின்னூட்டம் தந்த பாட்டரி கிளப்பும்போது துவண்டுபோகுமானால், அது மூப்படைந்தது என்று துணியலாம். நம் பகுதியில் மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்த பாட்டரி அந்நிலையை எய்துவது இயல்பே.

இரண்டாவது வினா, புதியது பழையதன் இடத்தில் பொருந்துமா என்பது. பாட்டரியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் தட்டுக்கு ஒத்திருக்கவேண்டும். நீளம் குறைந்தால் ஓட்டத்தில் ஆடி, உள்ளிருக்கும் தகடுகள் சிதையும். உயரம் மிகுந்தால் முகப்பு மூடியின் இரும்பு முனைகளைத் தொட்டுத் தீப்பொறி எழும். முனைகளின் பருமனும், நேர்முனை எப்பக்கம் உள்ளது என்பதும் அவ்வாறே முக்கியம். பக்கம் மாறினால் கம்பி எட்டாது. வலிந்து எட்டவைத்து மாற்றி இணைத்தாலோ, வண்டியின் மின்கருவிகள் நொடியில் பாழாகும்.

பாட்டரியின்மேல் ‘38 பி 20 எல்’ என்பதுபோன்ற குறியீட்டைக் காண்பீர்கள். இது சப்பானியர் வகுத்த முறை. முதலில் உள்ள 38 அதன் செயல்திறன் நிலையையும், ‘பி’ அகல உயர வகையையும், 20 ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் நீளத்தையும், இறுதி எழுத்து முனைகள் அமைந்த பக்கத்தையும் குறிக்கும். 38 என்பதை ஆம்பியர்-மணி என்று மயங்குவோர் பலர். அது வேறு, இது வேறு. இக்குறியீட்டை எழுதிச் செல்வது நன்று. பழைய பாட்டரியையும் புதியதையும் அருகருகே வைத்து, முனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அதனினும் நன்று.

மூன்றாவது வினா, எவ்வளவு வலிமை தேவை என்பது. இங்கே இரண்டு எண்களை அறியவேண்டும். ஒன்று, ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி என்றால் 1.75 ஆம்பியர் வீதம் இருபது மணிநேரம் தரும் என்பது பொருள். சிறிய பெட்ரோல் கார்களுக்கு இவ்வளவு போதும். டீசல் எஞ்சினில் காற்றை மிகுதியாக அழுத்தவேண்டியிருப்பதால் அதனைச் சுழற்ற வலிமை மிகுந்த பாட்டரி வேண்டும். காரின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்குக் குறைந்ததை, விலை மலிவு கருதி ஒருபோதும் வாங்கற்க.

“அளவு மிகுந்ததை வாங்கினால் ஸ்டார்ட்டர் எரிந்துவிடும்” என்று சிலர் அச்சுறுத்துவர். ஓம் விதியைக் கற்ற நீங்கள் இதற்கு அஞ்சவேண்டுவதில்லை. ஏரி எவ்வளவு பெரிதாயினும் மதகு திறந்த அளவே கால்வாயில் நீர் பாயும். பாட்டரி பன்னிரண்டு வோல்ட்டாக இருக்கும்வரை, ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தையே இழுத்துக்கொள்ளும். ஆயினும் தேவைக்கு மிஞ்சிய அளவுக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் வீண். இடத்தில் பொருந்துமானால் சற்று மிகுந்தது கொள்ளலாம், அவ்வளவே.

மற்றோர் எண், குளிர்த் தொடக்க மின்னோட்டம். கடைகளில் இதனைச் சி.சி.ஏ. என்பர். நீர் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 18 பாகை செல்சியசில், முப்பது விநாடி வரை மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குத் தாழாமல் பாட்டரி எத்தனை ஆம்பியர் தரவல்லது என்பதே அதன் பொருள். பனி மூடிய கனடாவில் இது உயிர்நாடியான எண். நம் திருவள்ளூர் மாவட்டத்திலோ கத்திரி வெயிலில் நிழலிலேயே வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும். முகப்பு மூடியின் கீழே அதனினும் மிகும். நம் பாட்டரிகளைக் கொல்வது குளிரன்று, வெப்பமே. வெப்பத்தில் அமிலக் கரைசலின் நீர் குறைகின்றது. தகடுகளைத் தாங்கும் ஈயச்சட்டம் விரைவாக அரிபடுகின்றது. இருபத்தைந்து பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை உயர்வும் பாட்டரியின் வாழ்நாளை ஏறத்தாழப் பாதியாக்கும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. ஆகவே சி.சி.ஏ. எண் கார்க் கையேட்டில் கேட்ட அளவு இருந்தால் போதும். மிகப் பெரிய எண்ணைக் காட்டி மிகுந்த விலை கேட்டால் மயங்கவேண்டா. சில கார்களில் பாட்டரியைச் சுற்றி ஓர் உறையோ தடுப்போ இருக்கும். புதியதைப் பொருத்தும்போது வேண்டாத பொருள் என்று அதனைக் கழித்துவிடுவோர் உண்டு. அது எஞ்சினின் வெப்பத்தைத் தடுக்க வைக்கப்பட்டது. அதனை மீண்டும் அணிவிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது வினா, எந்த வகை என்பது. மூடிகளைத் திறந்து வாலைவடிநீர் ஊற்றும் பழைய வகை ஒன்று. ஈயத்தோடு கால்சியம் கலந்த சட்டங்களை உடையதும், நீர் ஊற்றவேண்டாததுமான மூடிய வகை மற்றொன்று. போக்குவரத்து விளக்கருகே நின்றவுடன் எஞ்சின் தானே அணைந்து, புறப்படும்போது தானே கிளம்பும் கார்கள் இப்போது பல உள்ளன. இவை ஒரு நாளில் பலமுறை எஞ்சினைக் கிளப்புவதால் சாதாரணப் பாட்டரி விரைவில் தளர்ந்துவிடும். இவற்றுக்கென ஈ.எஃப்.பி. எனப்படும் வலுவூட்டிய வகையும், கண்ணாடியிழை விரிப்பில் அமிலத்தை உறிஞ்சவைத்த ஏ.ஜி.எம். வகையும் உள்ளன. ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஏ.ஜி.எம். வகையே வைத்தல் வேண்டும். ஈ.எஃப்.பி. இருந்த இடத்தில் அதனையோ ஏ.ஜி.எம். வகையையோ வைக்கலாம். இவற்றின் விலை மிகுதிதான். ஆயினும் மலிவான வகையை வைத்து ஓராண்டில் மீண்டும் வாங்குவதைவிட இதுவே சிக்கனம். சில கார்களில் புதிய பாட்டரி வைத்ததைக் கணினிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதனையும் முன்னரே கேட்டறிக.

ஐந்தாவது வினா, பாட்டரி எவ்வளவு புதியது, உறுதிமொழி யாது என்பது. மீன் வாங்குவோர் செவுளைப் பார்ப்பது போல, பாட்டரி வாங்குவோர் அது செய்யப்பட்ட திங்களையும் ஆண்டையும் பார்க்கவேண்டும். கடை அலமாரியில் சும்மா இருக்கும் பாட்டரியும் தானே மெல்ல மின்னூட்டத்தை இழக்கும். வெப்பமான இடத்தில் இன்னும் விரைவாக இழக்கும். முன்னர்க் கூறிய சல்பேட்டு இறுகுதல் அங்கேயே தொடங்கிவிடும். மூன்று திங்களுக்கு உட்பட்டதாயின் நன்று. தேதி, நிறுவனத்தின் குறியெழுத்துக்களில் மறைந்திருந்தால் அதனை விளக்குமாறு கடைக்காரரைக் கேட்கத் தயங்கற்க. பணம் கொடுக்குமுன் வோல்ட்மீட்டரால் அளக்கச் சொல்க, 12.5-க்குக் குறைந்தால் வேறொன்று கேட்க.

உறுதிமொழியைப் படிப்பதற்கும் கணக்கறிவு வேண்டும். ‘48 திங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே, முதல் 24 திங்களுக்கு இலவச மாற்று, அடுத்த 24 திங்களுக்கு விலையில் தள்ளுபடி என்று சிறிய எழுத்தில் இருக்கலாம். அவ்வாறாயின் முப்பதாம் திங்களில் பழுதுற்றால் புதியது இலவசமாகக் கிட்டாது. விலையில் ஒரு பகுதியே குறையும். ஆகவே இரண்டு பாட்டரிகளை ஒப்பிடும்போது மொத்தத் திங்களை விட்டுவிட்டு, இலவச மாற்றுக்குரிய திங்களை ஒப்பிடுக. தேதியிட்ட இரசீதையும், வரிசை எண் எழுதிய உறுதிச்சீட்டையும் வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொள்க.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுக. மாட்டும்போது அதனை இறுதியில் மாட்டுக. காரணம் யாது? காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்துள்ளது. எதிர்முனை மாட்டியிருக்க, நேர்முனையைக் கழற்றும் சாவி காரின் இரும்பைத் தொட்டால் பெருந்தீப்பொறி எழும். பாட்டரியிலிருந்து ஐதரசன் வளி கசிந்திருக்குமானால் அது வெடிக்கவும் கூடும். ஆதலால் அருகே நெருப்பு ஆகாது. கண்ணுக்குக் காப்பு வேண்டும். அமிலம் பட்டால் உடனே மிகுந்த நீரால் கழுவுதல் வேண்டும்.

ஆறாவது வினாவை நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பழைய பாட்டரி எங்கே போகின்றது?

பாட்டரியின் எடையில் பாதிக்கு மேற்பட்டது ஈயமும் ஈயச் சேர்மங்களுமே. ஈயத்தை எத்தனை முறை உருக்கினும் அது ஈயமாகவே பயன்படும். ஆதலால் பழைய பாட்டரிக்கு எப்போதும் விலை உண்டு. நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் பழைய பாட்டரிகளிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் உள்ளன. மூடிய உலைகளும், புகையை வடிகட்டும் கருவிகளும், அமிலத்தை முறித்துத் தூய்மை செய்யும் அமைப்பும் செம்மையாக இயங்கினால், இது நாட்டுக்கு நன்மை பயக்கும் தொழிலே. நிலத்திலிருந்து புதிதாகத் தோண்டும் தேவை அந்த அளவுக்குக் குறைகின்றதன்றோ?

ஆனால் ஈயம் 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். இரும்பை உருக்கப் பேருலை வேண்டும். ஈயத்தை உருக்க ஒரு சட்டியும் கரியடுப்பும் போதும். தீமை நுழையும் வாயில் இதுதான். உரிமம் அற்றோர் பாட்டரியைக் கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகடுகளைத் திறந்த வெளியில் உருக்குவர். எழும் புகையும் தூசும் மண்ணிலும் கிணற்றிலும் படியும். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகரான தாக்கார் அருகே தியாரோயே-சுர்-மேர் என்னும் ஊரில் இவ்வாறே நிகழ்ந்தது. பழைய பாட்டரியின் ஈயம் கலந்த மண்ணை அவ்வூரார் சலித்து ஈயம் எடுத்தனர். 2007-ஆம் ஆண்டு நவம்பர் முதல் 2008-ஆம் ஆண்டு மார்ச்சு வரை அங்கே பதினெட்டுக் குழந்தைகள் உயிரிழந்தனர். காரணம் ஈய நஞ்சு என்று பின்னர்த் தெரியவந்தது.

உயிரைக் கொள்ளாத சிறு அளவும் தீங்கற்றது அன்று. ஈயம் வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கும். கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குறைக்கும். இவ்வளவு ஈயம் உடலில் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கூற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். ஒரு குழந்தை பாடத்தை வாங்கிக்கொள்ள இயலாமல் திணறும்போது ஆசிரியன் அதன் சோம்பலையே முதலில் ஐயுறுவான். அக்குழந்தை விளையாடும் மண்ணையும் ஐயுறவேண்டிய காலம் இது.

ஆகவே பழைய பாட்டரியைத் தெருவில் வரும் பழம்பொருள் வணிகரிடம் நூறு இருநூறு மிகுதியாகக் கிடைக்கின்றது என்று விற்றுவிடாதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே அதனை ஒப்படைத்து, விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய பாட்டரிகளை விற்பனையாளர் திரும்பப் பெறவேண்டும் என்னும் விதி நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டிலேயே வந்தது. அதற்கு மாற்றாக வந்த 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையனவற்றைத் திரட்டி முறைப்படி மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை அவற்றை ஆக்கி விற்கும் நிறுவனங்கள்மேல் சுமத்தியுள்ளன. பிற குப்பையோடு கலவாமல் உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் கடமை வாங்குவோராகிய நம்முடையது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. கடையின் முன் நிற்கும் நாம் அதனைக் கேட்டுப் பெறவேண்டும். இரசீதில் பழைய பாட்டரி பெற்றுக்கொண்டதற்கான குறிப்பையும் எழுதச் செய்யுங்கள்.

நண்பர்களே, கேட்டதோடு அமையாமல் ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். வரும் விடுமுறை நாளில் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள காரின் பாட்டரியை, பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பாருங்கள். அதன் குறியீடு, ஆம்பியர்-மணி, வகை, வாங்கிய தேதி, இலவச மாற்றுக்குரிய திங்கள், எஞ்சின் நிற்கும்போதும் ஓடும்போதும் காட்டும் வோல்ட் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே பக்கத்தில், இதற்கு முன்னிருந்த பாட்டரி எவரிடம் கொடுக்கப்பட்டது என்பதையும் வீட்டாரைக் கேட்டு எழுதுங்கள். பலருக்கு அந்த இறுதி வரி மட்டும் வெற்றிடமாக இருக்கக்கூடும். அடுத்த முறை அது வெற்றிடமாக இராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.